மாட்டில் பழகிய கைக்குக் குதிரை வேறு: பெட்டைக் குதிரையிடம் கருமுட்டை எடுக்கும் முறை

மாட்டில் கருமுட்டை எடுத்துப் பழகிய டாக்டர் குதிரைப் பக்கம் வந்தால் முதல் நாளே மூக்குடைபடுவார். எனக்கு அது பெல்ஜியத்தில் ஒரு சின்னப் பண்ணையில் நடந்தது. பதினாறு வயதுக் குதிரை, முன்பு தடை தாண்டும் போட்டிகளில் ஓடியது, இரண்டு சினைப்பையிலும் சேர்த்து 14 ஃபாலிகிள் எண்ணி வைத்திருந்தேன். ஃபாலிகிள் என்பது சினைப்பைக்குள் இருக்கும் நீர்க்குமிழி, ஒவ்வொன்றின் உட்சுவரிலும் ஒரு முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். மாட்டில் செய்கிற மாதிரியே ஊசியை இறக்கினேன், நீரை உறிஞ்சினேன், பேருக்கு ஒரு தடவை கழுவிவிட்டு அடுத்த குமிழிக்குப் போனேன். அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டோமே என்ற மிதப்போடு தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் முட்டை இரண்டே இரண்டு.

குற்றம் ஊசியில் இல்லை. மாட்டின் முட்டை குமிழிச் சுவரில் ஒரு சின்ன மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், நீரை உறிஞ்சும்போதே பிய்ந்து கூடவே வந்துவிடும். குதிரையில் அந்த மேடு அகலமாக, தட்டையாக இருக்கும், அதன் செல்கள் வேர் விட்ட மாதிரி சுவருக்குள் இறங்கிப் பிடித்திருக்கும். அதனால் நீர் வரும், முட்டை வராது. சுரண்டி, கலக்கி, திரும்பத் திரும்பக் கழுவித்தான் அதைப் பெயர்க்க வேண்டும். பானையில் அடிப்பிடித்த சோற்றை எடுக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மனதில் ஏற்றிக்கொண்டால் மீதி எல்லாம் அதிலிருந்தே வரும்: ஊசி ஏன் அவ்வளவு தடிமன், ஏன் மூன்று பேர் வேண்டும், ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அவ்வளவு நேரம் குதிரை அசையாமல் நிற்க ஏன் அத்தனை மருந்து.

மலக்குடல் பரிசோதனையும் ஸ்கேனும் கைவந்த கால்நடை மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். படித்துவிட்டு நேராக ஒரு குதிரையின் பின்னால் போய் நிற்காதீர்கள். முதலில் இறைச்சிக்கூடத்துச் சினைப்பைகளில் ஊசி போட்டுப் பழகுங்கள், பிறகு தெரிந்த ஒருவரின் பக்கத்தில் நின்று பாருங்கள்.

நம் பங்கு எதுவரை

முட்டையை எடுத்து, தேடிப் பிடித்து, பெட்டி கட்டி அனுப்புவதோடு களத்து டாக்டரின் வேலை முடிகிறது. கருவாக்குவது லேபில், இக்சி முறையில், அதாவது ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை நுண் ஊசியால் செலுத்தி. தட்டில் முட்டையையும் விந்தையும் சேர்த்து வைத்தால் மாட்டில் தானாக நடப்பது குதிரையில் நடக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் பிரான்சில் அந்த வழியில் இரண்டு குட்டிகள் பிறந்ததோடு சரி, அப்புறம் முப்பது வருஷம் யாராலும் நம்பகமாகத் திரும்பச் செய்ய முடியவில்லை. விந்தணுக்களை 22 மணி நேரம் முன்கூட்டித் தயார்ப்படுத்தினால் அது நடக்கும் என்று 2022இல்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு காட்டியது. அதற்குள் இக்சி ஊன்றிவிட்டது. அதில் பிறந்த முதல் குட்டி 1996இல், அமெரிக்காவின் கொலராடோவில். இன்று இத்தாலியில் கிரெமோனா நகரத்து லேபுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் முட்டைகள் கூரியரில் போகின்றன.

கூரியரில் போக முடிகிறது என்பதுதான் களத்து டாக்டருக்கு வாசலைத் திறந்துவிட்டது. இன்னும் முதிராத குதிரை முட்டையைச் சரியான திரவத்தில் போட்டு 20 முதல் 22 டிகிரியில் வைத்தால் ஓர் இரவு முழுக்க அப்படியே தூங்கும், மறுநாள் காலையில் லேபில் முதிர வைத்தால் எந்தக் குறையும் இல்லாமல் முதிரும். ஆக, பண்ணையில் லேப் வேண்டாம், ஒரு சுத்தமான மேசை போதும்.

இன்னொரு வழியும் உண்டு. குதிரை பருவத்தில் இருக்கும்போது 35 மி.மீ. தாண்டிய பெரிய ஃபாலிகிள் ஒன்றுக்கு முட்டை வெளியேறச் செய்யும் ஹார்மோன் போட்டு, சுமார் ஒரு நாள் கழித்து, அது வெடிக்கும் முன் முதிர்ந்த முட்டையை எடுப்பது. அந்த முட்டை சுலபமாகப் பெயர்ந்து வரும், தரமும் நன்றாக இருக்கும். ஆனால் கிடைப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தவிர அது உடல் சூட்டிலேயே இருக்க வேண்டும், லேப் பக்கத்திலேயே இல்லாவிட்டால் பயனில்லை. களத்துக்கு முதல் வழிதான் தோது, இனி அதைப் பற்றித்தான்.

எந்தக் குதிரை, எந்த நாள்

கருப்பை கெட்டுப்போன வயதான குதிரை, கருப்பை வாய் கிழிந்த குதிரை, போட்டியில் ஓடிக்கொண்டிருப்பதால் சினை சுமக்க முடியாத குதிரை, இவைதான் பெரும்பாலும் வரும். சில சமயம் குறை பெட்டையிடம் இருக்காது. செத்துப்போன ஒரு பொலிகுதிரையின் உறைவிந்து நாலே நாலு குழல் மிச்சம் இருக்கும், இக்சிக்கு ஒரு குழலை வெட்டி அதில் ஒரு துண்டைப் பயன்படுத்தினாலே போதும் என்பதால் உரிமையாளர் தேடி வருவார். ஆனால் தரோபிரெட் பந்தயக் குதிரை என்றால் வீணாக ஆசை காட்டாதீர்கள். இயற்கையான சேர்க்கையில் பிறந்ததை மட்டும்தான் அந்த இனப் பதிவேடு ஏற்கும், உலகம் முழுக்க அதே விதி, இந்தியாவிலும் அப்படித்தான். மற்ற இனங்களுக்கும் அந்தந்தப் பதிவேட்டில் முதலில் கேட்டுவிடச் சொல்லுங்கள், குட்டி பிறந்த பிறகு கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாள் குறிப்பதற்குச் சுழற்சியை விட எண்ணிக்கைதான் முக்கியம். இரண்டு சினைப்பையையும் ஸ்கேன் செய்து 10 மி.மீ. அளவும் அதற்கு மேலும் உள்ள குமிழிகளை எண்ணுங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் நான் தள்ளிப்போடச் சொல்வேன். 10 முதல் 25 மி.மீ. வரை பதினைந்து, இருபது இருந்தால் நல்ல நாள். குளிர்காலம் முடிந்து பருவம் ஒழுங்காவதற்கு முன்பான அந்த இடைக்காலத்தில் சினைப்பை முழுக்கத் திராட்சைக் கொத்து மாதிரி நடுத்தரக் குமிழிகள் நிற்கும், ஐரோப்பாவில் அது வசந்தத்தின் தொடக்கம். ஒரே ஒரு பெரிய குமிழி வளர்ந்து மற்றவை சுருங்கிக் கிடக்கும் நாள் லாபமில்லை. மாட்டில் போல ஹார்மோன் போட்டு எண்ணிக்கையைக் கூட்டலாமே என்று கேட்பீர்கள். குதிரை அதற்குப் பெரிதாக அசைந்து கொடுப்பதில்லை, காசுதான் போகும். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு சுபாவ எண்ணிக்கை உண்டு, பத்து தரும் குதிரை எப்போதும் பத்துப் பக்கம்தான் தரும், வயது ஏற ஏற அதுவும் குறையும்.

நாளைக் குறிக்கும் முன் லேபுக்கு ஒரு போன். அவர்களுக்கும் சனி, ஞாயிறு உண்டு. வெள்ளிக்கிழமை எடுத்த முட்டை சனிக்கிழமை காலை பூட்டிய கதவுக்கு வெளியே காத்திருக்கும்.

சாமான்

யோனிக்குள் வைக்கும் ஸ்கேன் புரோப், நீளமான கைப்பிடியோடு, ஊசி போகும் வழி அதிலேயே அமைந்தது. 12 கேஜ் இரட்டைக் குழாய் ஊசி, ஏறக்குறைய 60 செ.மீ. நீளம். ஒரு குழாய் வழியே கழுவும் திரவம் உள்ளே போகும், இன்னொன்று வழியே வெளியே வரும். மாட்டுக்குப் போடும் மெல்லிய ஊசியைப் பார்த்த கண்ணுக்கு இது கடப்பாரை மாதிரி தெரியும், ஆனால் முட்டையைச் சுற்றியுள்ள செல் கூட்டத்தோடு சேர்த்து இழுக்க இந்த அகலம் வேண்டும். முனை மழுங்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள், மழுங்கிய ஊசி சினைப்பையைக் குத்தாது, தள்ளும். உறிஞ்சும் பம்பைச் சுமார் 150 மி.மீ. பாதரச அழுத்தத்தில் வைப்பது வழக்கம், காலால் மிதிக்கும் சுவிட்ச் இருந்தால் வசதி.

கழுவும் திரவம் கரு எடுக்கப் பயன்படுத்தும் அதே கடைத் திரவம்தான், ரத்தம் உறையாமல் இருக்க மில்லிக்கு 5 முதல் 20 யூனிட் ஹெப்பாரின் சேர்த்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். ஒரு குதிரைக்கு இரண்டு லிட்டர் கைவசம் இருக்கட்டும். வடிகட்ட 75 மைக்ரான் கரு ஃபில்டர். சிரிஞ்சு வாங்கும்போது உள்ளே ரப்பர் இல்லாத, முழு பிளாஸ்டிக் சிரிஞ்சாகப் பாருங்கள், சில ரப்பர்கள் முட்டைக்கு விஷம். பவுடர் பூசிய கையுறையும் வேண்டாம். முட்டை தேடும் மேசைப் பக்கம் சானிடைசர், ஈ ஸ்பிரே, சிகரெட் எதுவும் வரக்கூடாது. பண்ணைக்காரரின் மனைவி அன்போடு மேசையை வாசனை கிளீனர் போட்டுத் துடைத்துத் தருவார், நன்றி சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கடை விரியுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. ஸ்கேன், பம்ப், சூடாக்கும் பெட்டி, மைக்ரோஸ்கோப், நான்கும் லாயத்துக்கு ஓடும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் தொங்கும். ஊசி உள்ளே இருக்கும்போது ஃபியூஸ் போனால் என்ன செய்வீர்கள் என்று முந்தின நாளே யோசியுங்கள். என் பையில் ஒரு பெரிய சிரிஞ்சும் மூவழிக் குழாய்த் திருகும் எப்போதும் இருக்கும், பம்ப் படுத்தாலும் கையால் உறிஞ்சி முடித்துவிடலாம்.

குதிரையைத் தயார்ப்படுத்துவது

நல்ல டிராவிஸ், அதாவது குதிரையை அசையாமல் நிறுத்தி வைக்கும் கம்பிக் கூண்டு, இல்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள். பின் கதவு தாழ்வாக, உறுதியாக இருக்க வேண்டும், முன்பக்கத் தடை ஒரே இழுப்பில் திறக்க வேண்டும், ஏனென்றால் மயக்கத்தில் கால் மடங்கிக் குதிரை உட்கார்ந்தால் உங்கள் கை உள்ளே இருக்கும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

550 கிலோ குதிரைக்கு நான் கணக்கிடும் விதம் இது. மயக்கத்துக்கு டெட்டோமிடின் 5 முதல் 10 மி.கி. நரம்பில், கூடவே வலி தணிக்கும் பியூட்டார்பனால் அதே அளவு. தேவைப்பட்டால் நடுவில் டெட்டோமிடின் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம், சொட்டாகவும் ஓட விடலாம். வலிக்கும் அழற்சிக்கும் ஃப்ளுனிக்சின் கிலோவுக்கு 1.1 மி.கி., அதாவது சுமார் 600 மி.கி. பென்சிலின் கிலோவுக்கு 22,000 யூனிட் தசையில், ஜென்டாமைசின் கிலோவுக்கு 6.6 மி.கி. நரம்பில், இரண்டும் தொடங்கும் முன்பே. புரோக்கெய்ன் பென்சிலின் தப்பித் தவறியும் நரம்பில் போகக்கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அவசரத்தில் சிரிஞ்சை எடுத்து நீட்டும் உதவியாளருக்குச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மலக்குடலைத் தளர்த்தும் பஸ்கோபான், கிலோவுக்கு 0.3 மி.கி., அதாவது 165 மி.கி. பக்கம். கையை உள்ளே விடும் முன்புதான் அதைக் கொடுக்க வேண்டும், முன்கூட்டியே கொடுத்துவிட்டு வாலைக் கட்டிக்கொண்டு நின்றால் பாதி வேலையில் அதன் பலன் தீர்ந்துவிடும். அது இதயத் துடிப்பை ஏற்றிவிடும், எனவே அந்த நேரத்தில் நாடி வேகமாக இருப்பதை வைத்து வலி என்று முடிவு கட்டாதீர்கள். மலக்குடலுக்குள் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் 50 மில்லி விடுவதும் நல்ல பழக்கம். முதுகுத்தண்டு ஊசி போடலாமா என்றால் போடலாம், பலர் போடுவதில்லை, நானும் அரிதாகத்தான்.

லத்தியை முழுக்க எடுத்துவிடுங்கள். வாலைச் சுற்றிக் கட்டி, பின்பக்கத்தை மூன்று முறை கழுவி, கடைசியில் சுத்த நீரால் அலசுங்கள். மூத்திரப்பையைக் குழாய் போட்டு வடித்துவிடுங்கள். இதை விட்டால் நடுவில் அது நிரம்பி வந்து சினைப்பைக்கும் புரோப்புக்கும் இடையில் தலையணை மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

கையும் ஊசியும்

மூன்று பேர். ஒருவர் ஒரு கையால் மலக்குடல் வழியே சினைப்பையைப் பிடித்து, மறு கையால் புரோப்பைப் பிடித்திருப்பார். இரண்டாமவர் ஊசியையும் பம்பையும் பார்ப்பார். மூன்றாமவர் குதிரையின் தலைப்பக்கம், பாட்டில் மாற்றுவதும் அவர்தான். ஊசி பிடிப்பவர்தான் திறமைசாலி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள், உண்மையில் முட்டையின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கைதான்.

புரோப்பைக் கருப்பை வாய்க்குப் பக்கவாட்டில், யோனியின் கடைசி மூலையில் வைத்து அழுத்துங்கள். மலக்குடல் கையால் சினைப்பையை மெதுவாகக் கொண்டுவந்து புரோப்பின் முகத்தோடு ஒட்ட வையுங்கள். இடையில் குடல் மடிப்போ மலக்குடல் சுவரோ மாட்டியிருக்கிறதா என்று திரையில் பாருங்கள். சினைப்பையின் விளிம்பும் யோனிச் சுவரும் ஒன்றோடொன்று படிந்து, நடுவில் எதுவும் இல்லாமல் தெரிந்தால்தான் குத்த வேண்டும். ஊசிப் பாதையைக் காட்டும் புள்ளிக்கோடு குமிழியின் நடுவில், அதன் அகலமான இடத்தில் போகும்படி சினைப்பையைத் திருப்புங்கள், புரோப்பைத் திருப்பாதீர்கள். உங்கள் விரல்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். 12 கேஜ் ஊசி சினைப்பையைத் தாண்டிப் போனால் அடுத்து இருப்பது மலக்குடல் சுவர், அதற்கு அடுத்து உங்கள் விரல்.

குத்து ஒரே வேகத்தில், தயங்காமல். யோனிச் சுவரைத் துளைக்கும் அந்த ஒரு நொடியில்தான் குதிரை உடம்பை இறுக்கும், தலைப்பக்கம் நிற்பவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். உள்ளே போன பிறகு ஊசியை ஒவ்வொரு குமிழிக்கும் வெளியே இழுத்து மறுபடி குத்த வேண்டாம். சினைப்பைக்குள்ளேயே ஊசி நிற்கட்டும், ஒரு குமிழி முடிந்ததும் சினைப்பையைச் சற்றுத் திருப்பி அடுத்ததை ஊசி முனைக்கு முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு சினைப்பைக்கு யோனிச் சுவரில் இரண்டு, மூன்று துளைக்கு மேல் போகாமல் முடிப்பது நல்ல கைக்கு அடையாளம். துளை குறையக் குறைய ரத்தமும் கிருமியும் குறையும்.

இனி அடிப்பிடித்த சோறு. முதலில் குமிழியின் நீரை முழுக்க உறிஞ்சுங்கள், திரையில் சுவர் சுருங்கி ஊசியைச் சுற்றிப் படியும். பிறகு கழுவும் திரவத்தை விட்டு, குமிழி பழைய அளவுக்கு உப்பும் வரை நிரப்புங்கள். அளவு தெரிய ஒரு கணக்கு: 10 மி.மீ. குமிழியில் அரை மில்லி, 15 மி.மீ. என்றால் ஒன்றே முக்கால் மில்லி, 20 மி.மீ. என்றால் நாலு மில்லிக்குச் சற்று மேல். அதற்கு மேல் அழுத்தினால் ஊசி போன துளை வழியே வெளியே வழிந்து முட்டையும் வயிற்றுக்குள் போய்விடும். நிரம்பியதும் உறிஞ்சுங்கள், உறிஞ்சும்போதே உதவியாளர் ஊசியை விரல்களுக்கு இடையில் இப்படியும் அப்படியும் உருட்ட வேண்டும், சாய்வாக வெட்டிய முனை சுவரைச் சுற்றிலும் சுரண்டும்படி. அதே நேரத்தில் மலக்குடல் கை சினைப்பையை லேசாகப் பிசைந்து கொடுக்கட்டும். மறுபடி நிரப்பு, மறுபடி சுரண்டு. ஒரு குமிழிக்கு எட்டு முதல் பத்து முறை.

முதல் இரண்டு தடவை வரும் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். நாலாவது, ஐந்தாவது தடவையில் லேசாக இளஞ்சிவப்பாகும், வெள்ளைத் துணுக்குகள் மிதந்து வரும், கஞ்சியில் ஆடை பிரிகிற மாதிரி. அதுதான் சுவரின் உள்ளுறை பெயர்ந்து வருகிறது, பெரும்பாலும் முட்டை அந்த ஆடையோடுதான் வரும். நீர் இன்னும் கண்ணாடி மாதிரியே வந்துகொண்டிருந்தால் நீங்கள் சுரண்டவில்லை, ஊசி குமிழியின் நடுவில் சும்மா மிதக்கிறது. ஆறாவது தடவையில் உதவியாளர் முகத்தில் அலுப்புத் தெரியும். விடாதீர்கள், என்னுடைய இரண்டு முட்டை நாளில் நான் விட்டது இந்தக் கழுவல்களைத்தான்.

குழாய் அடைத்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், ஊசியை வெளியே எடுத்து எதிர்ப்பக்கமிருந்து கழுவுங்கள், அடைத்திருக்கும் உறைகட்டிக்குள் முட்டை இருக்கலாம், அதையும் ஃபில்டரிலேயே விடுங்கள். ஃபில்டர் எந்த நேரத்திலும் காயக்கூடாது.

நடுவில் மலக்குடல் கையுறையில் ரத்தம் தெரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். லேசான கீற்றா, புதுரத்தமா என்று பாருங்கள், கையுறையைக் கழற்றி வெறும் விரலால், நிறைய ஜெல்லோடு, மெதுவாகச் சுவரைத் தடவிப் பாருங்கள். மாட்டு மலக்குடல் தாங்குவதைக் குதிரை மலக்குடல் தாங்காது. கிழிசல் மேல் சவ்வைத் தாண்டியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து, முட்டையை மறந்துவிட்டு அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு உடனே அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். குடல் உங்கள் கையை இறுக்கும்போது தள்ளிக்கொண்டு போகாமல் கையைத் தளர்த்தி அதன் போக்கில் விடுவது ஒன்றுதான் தடுப்பு. பத்து முட்டை கிடைக்கவிருந்த நாளில் ஆறோடு கையை எடுத்த தடவைகள் எனக்கு உண்டு, அதில் எனக்கு வருத்தமில்லை.

தேடுவதும் பெட்டி கட்டுவதும்

ஃபில்டரில் தங்கியதைக் கழுவும் திரவத்தால் ரத்தநிறம் போகும் வரை அலசி, கோடு போட்ட தட்டில் ஊற்றி, 10 முதல் 20 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். முட்டை ஏறக்குறைய 150 மைக்ரான், உள்ளே கொழுப்பு இருப்பதால் கருத்த உருண்டையாகத் தெரியும். மாட்டில் பழகியவர்கள் இங்கே இரண்டாவது தப்பைச் செய்வார்கள். சுற்றிலும் செல்கள் விரிந்து கலைந்து இருக்கும் முட்டையைப் பார்த்ததும் மாட்டுக் கணக்கில் கழித்துப் போடுவார்கள். குதிரையில் அது நல்ல முட்டைதான், லேபில் நன்றாகவே முதிரும். செல்கள் நெருங்கி இறுகியதும் வரும், விரிந்ததும் வரும், இரண்டையும் எடுத்துவையுங்கள். பெரிய செல் ஆடைகளை அப்படியே விட்டுவிடாமல் புரட்டிப் பாருங்கள், ஓரத்தில் ஒளிந்திருக்கும். ஒருவர் தேடி முடித்த தட்டை இன்னொருவர் மறுபடி பார்க்கட்டும், ஒன்றாவது கிடைக்கும்.

கிடைத்தவற்றைச் சுத்தமான வைப்புத் திரவத்தில் இரண்டு, மூன்று முறை இடம் மாற்றிக் கழுவி, லேப் சொல்லும் சிறு குப்பியில் விடுங்கள். குப்பி விளிம்பு வரை நிரம்பி இருக்க வேண்டும், உள்ளே காற்றுக் குமிழி நின்றால் வண்டி குலுங்கும்போது முட்டையின் செல்கள் உதிரும். மூடி, சுற்றி ஒட்டி, குதிரையின் பெயர், தேதி, நேரம், எண்ணிக்கை எல்லாம் குப்பியிலேயே எழுதுங்கள். வெளிச்சம் படாமல் சுற்றி வையுங்கள்.

தெர்மோகோல் பெட்டிக்குள் வைக்கும் ஜெல் பைகள் அறை வெப்பத்தில், 20 முதல் 22 டிகிரியில், முந்தின நாளிலிருந்தே கிடந்தவையாக இருக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவை கூடாது. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒரு ஜூலை மாதம், வெயில் அதிகம் என்று எங்கள் உதவியாளர் தானாகவே உறைந்த பை இரண்டை நல்லெண்ணத்தோடு உள்ளே வைத்துவிட்டார். பெட்டியோடு போன வெப்பப் பதிவுக் கருவி காலையில் 6 டிகிரி காட்டியது. பன்னிரண்டு முட்டையில் முதிர்ந்தது ஒன்று. அன்றிலிருந்து பெட்டியை நானே மூடுகிறேன், அந்தக் கருவி இல்லாமல் எந்தப் பெட்டியும் போவதில்லை. மாட்டு முட்டையை உடல் சூட்டில் வைத்தே பழகியவர்களுக்கு 22 டிகிரி என்றால் கை நடுங்கும், சூடேற்றும் பெட்டி எங்கே என்று தேடுவார்கள். வேண்டாம். சூட்டில் வைத்தால் முட்டை வழியிலேயே முதிரத் தொடங்கிவிடும், லேபின் நேரக் கணக்கு கெட்டுப்போகும்.

குதிரை திடீரென்று செத்துப்போனாலோ கருணைக் கொலை செய்ய வேண்டி வந்தாலோ சினைப்பைகளையே வெட்டி எடுத்து அனுப்பலாம். அதற்கும் உறைபனி கூடாது, அதில் நேரம்தான் எதிரி, முதல் வேலையாக லேபுக்குப் போன் போட்டு எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரத்துக்குள் என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகு

மயக்கம் முழுக்கத் தெளியும் வரை தீவனம் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். அன்றும் மறுநாளும் லாயத்தில் ஓய்வு. மூன்று நாள் காலை, மாலை வெப்பம் பார்க்கச் சொல்லுங்கள், 38.5க்கு மேல் போனாலோ, தீவனம் எடுக்காமல் நின்றாலோ, முன்காலால் தரையைக் கீறி விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ அந்த நிமிஷமே கூப்பிட வேண்டும். வயிற்று உறை அழற்சி, சினைப்பைச் சீழ், உள் ரத்தப்போக்கு எல்லாம் அரிதுதான், ஆனால் நடந்திருக்கின்றன, நடக்கக்கூடும் என்று முன்பே எழுதி ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெரிய குமிழிகளை வடித்திருந்தால் அவை சில சமயம் மஞ்சள் உடலாக, அதாவது ஹார்மோன் சுரக்கும் கட்டியாக மாறிச் சுழற்சியைத் தள்ளிப்போடும், தேவைப்பட்டால் அதைக் கரைக்கப் புரோஸ்டாகிளாண்டின் ஓர் ஊசி.

உரிமையாளரிடம் எண்ணிக்கையை எப்படிச் சொல்வது என்பது தனிக்கலை. அவர் காதில் பன்னிரண்டு முட்டை என்றால் பன்னிரண்டு குட்டி என்றுதான் விழும். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டுவேன். 20 ஃபாலிகிள் குத்தினால் 11, 12 முட்டை. லேபில் முதிர்வது ஏழு. அந்த ஏழில் ஏழு முதல் பத்து நாளில் நல்ல கருவாக வளர்வது ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அதை வாடகைத் தாய்க் குதிரையில் வைத்தால் பத்தில் ஏழு பிடிக்கும், அதிலும் ஒன்றிரண்டு பிறகு கலையும். இதெல்லாம் நல்ல லேபின் சராசரி, பொலிகுதிரையைப் பொறுத்தும் நிறைய மாறும், ஒரு கரு கூடக் கிடைக்காத நாளும் சகஜம். இதைக் கேட்டு முகம் வாடும் உரிமையாளர் பரவாயில்லை, இதைச் சொல்லாமல் விட்டால் பத்து நாள் கழித்துக் கத்தும் உரிமையாளர்தான் தொல்லை.

பெட்டி போனதும் நோட்டை எடுங்கள். இடது சினைப்பையில் எத்தனை குமிழி, எந்த அளவு, எத்தனை முறை கழுவியது, எத்தனை முட்டை, எங்கே குழாய் அடைத்தது, மயக்க மருந்து எத்தனை மணிக்கு, எவ்வளவு. குதிரை நன்றாக இருந்தால் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கலாம். அந்தப் பதினாறு வயதுக் குதிரையின் பக்கத்தில் என் நோட்டில் 14 குமிழி, ஒரு கழுவல், 2 முட்டை என்று இருக்கிறது, அதற்குக் கீழே இரண்டு வாரம் கழித்த தேதியில் 13 குமிழி, பத்துக் கழுவல், 8 முட்டை.